அரைக்கண்

உங்கள் அறைக் கதவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தேன், மேடம். அழகு என்று சொல்ல முடியாது. எழுத்தெல்லாம் தடிதடியாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் மாடிப்படி ஏறும்போதே படித்துவிட்டேன். எங்கள் ஸ்டூடியோவில் யாராவது அப்படி ஒரு பலகை செய்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

மாஸ்டரின் சாவு பற்றிய ஃபைலை நீங்கள் மூடப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன். மகள் கவனக்குறைவாக மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள், அப்பா போய்விட்டார், பாவம், விபத்து. இப்படித்தான் அதில் எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அது சரியில்லை. அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவர் டிசைன் போட்ட மாத்திரை டப்பாவால்தான் அவர் செத்தார் என்ற வரி. அவருக்கு முன்னால் என் மனைவி செத்ததும் அதே டப்பாவால்தான். இது எழுத்தில் வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள், நான் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

மாஸ்டர் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கை படாத பொருள் உங்கள் வீட்டில் இருக்காது. நீங்கள் குளிக்கும் சோப்பின் உறை, வங்கிப் புத்தகத்தின் அட்டை, கரண்ட் பில், பிள்ளைகளின் பாடப்புத்தகம், எல்லாம் அவர் போட்ட டிசைன், அல்லது அவரைப் பார்த்து யாரோ போட்டது. அவருக்கு முன்னால் ஒரு சோப்பு உறை என்றால் அதில் ஒரு பெண், ஒரு ரோஜா, ஒரு சூரியன், நாலைந்து பொய் இருக்கும். அவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளையில் ஒரு வட்டம் மட்டும் விட்டார். சோப்பு கம்பெனிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அச்சுக்கூலியை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்தார். கடைக்குப் போனதும் வந்த வேகத்தில் விற்றது. அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் ரோஜா வரையவில்லை.

அவரிடம் ஒரு முறை இருந்தது. அரைக்கண் என்போம். செய்த டிசைனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, தூக்கம் வருகிறவனைப் போலக் கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். அப்போதும் எது தெரிகிறதோ அது இருக்கலாம். தெரியாதது தேவையில்லாதது, எடுத்துவிடு. ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் நாலு பேர் சுவரைப் பார்த்துச் சொக்கி நிற்பார்கள். புதிதாக வருகிறவர்கள், இங்கே எல்லாரும் ராத்திரி தூங்குவதில்லையா என்று கேட்பார்கள்.

நான் அவரோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தவன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை, ஒரு மேசை, எதிரெதிரே நாங்கள் இரண்டு பேர். அவர் வரைவார், நான் நிறம் கலப்பேன். அச்சகத்தில் போய் நின்று, மேசையில் பார்த்த நிறமும் இயந்திரத்திலிருந்து வரும் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பேன் என்பதால் எனக்கு 'கண்ணாடி' என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவர் வளர வளர நானும் பக்கத்திலேயே நின்றேன். பத்திரிகையில் வந்த போட்டோக்களில் அவர் தோளுக்குப் பின்னால் தெரியும் பாதி முகம் என்னுடையது.

அவர் புகழைப் பற்றி நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போனார்கள், அரைக்கண்ணையும் கொண்டுபோனார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் சிஷ்யன் ஒருவன் வெளிர்சாம்பலில் பலகை செய்து வைத்தான். பிரசவ வலியோடு வந்தவர்கள் எக்ஸ்ரே அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பலகைக்குப் பரிசு கிடைத்தது. என் மச்சினன் ஹோட்டல் ஆரம்பித்து, அவனும் நாகரிகமாக இருக்கட்டும் என்று மெனு கார்டை அந்த மாதிரியே அடித்தான். வந்தவர்கள் அடுத்த மேசையைக் கை காட்டி, "அவங்க சாப்பிடறதையே கொண்டாங்க" என்றார்கள். இதையெல்லாம் நாங்கள் சொல்லிச் சிரிப்போம். மாஸ்டரும் சிரிப்பார். அவருக்குத் தன்னைப் பற்றிய கேலி பிடிக்கும், அதுவும் புகழ்ச்சியின் ஒரு வகைதான்.

சிரிக்காதவள் என் மனைவி ஒருத்திதான். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதாவிட்டால் எழுதியே பிரயோஜனமில்லை என்பது அவள் கட்சி. அரைக்கண்ணைப் பற்றி நான் முதல்முதலாக அவளிடம் பெருமையாகச் சொன்னபோது, "பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுபோச்சுன்னு நினைக்குமாம். உங்க மாஸ்டர் பாதிப் பூனை போலிருக்கு" என்றாள். அந்த நாக்கு எனக்குப் பிடிக்கும். இப்போது வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. நானே சில சமயம் அவள் மாதிரி ஏதாவது சொல்லிப் பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது.

மருந்து கம்பெனி வேலை வந்தது அவர் உச்சத்தில் இருந்தபோது. எல்லா மாத்திரைக்கும் ஒரே குடும்பமாக டப்பா வேண்டும் என்றார்கள். மாஸ்டர் முழு வெள்ளையில் போட்டார். கீழ் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. சர்க்கரைக்குப் பச்சைக் கோடு, ரத்த அழுத்தத்துக்கு நீலக் கோடு. மருந்தின் பெயர் வலது மூலையில், எறும்பு ஊர்கிற அளவில். உள்ளே இருக்கும் மாத்திரை அட்டையிலும் அதே எறும்புதான். கம்பெனியின் டாக்டரம்மா ஒருவர் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "சார், பேரு கொஞ்சம் பெருசா இருக்கட்டுமே. வாங்கறவங்க எல்லாம் வயசானவங்க" என்றார்.

மாஸ்டர் அந்த அம்மாவை அன்பாகப் பார்த்தார். "டாக்டர், ஏற்கெனவே உடம்பு முடியாதவங்க. அவங்ககிட்ட போய் டப்பாவும் கத்தணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அந்த ஒரு பெண்மணி உட்காராமல் இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பச்சையையும் நீலத்தையும் யார் கலந்தது என்று கேட்கிறீர்கள். ஸ்டூடியோதான் கலந்தது. சரி, நான் கலந்தேன். ஆனால் அவர் கண்ணுக்காகக் கலந்தேன். இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்க வேண்டும் என்றார். பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தேன். எங்கள் மேசைக்கு மேலே இருக்கும் வெள்ளை விளக்கில் இரண்டும் தெளிவாக இரண்டுதான். நிறத்தை அந்த விளக்கில்தான் பார்க்க வேண்டும், அது தொழிலின் சட்டம். வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறையின் மஞ்சள் பல்பில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. பார்த்திருந்தால் அக்காவும் தங்கச்சியும் அங்கே ஒரே ஆளாக ஆகிவிடுவது தெரிந்திருக்கும்.

அந்த டப்பாக்கள் அவருக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தன. மற்ற மருந்து கம்பெனிகளும் வெள்ளைக்கு மாறின. கொஞ்ச காலத்தில் மருந்துக் கடையின் அலமாரி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று.

என் மனைவிக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. காலையில் பச்சை, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நீலம். டப்பாவை வாங்கி வந்த அன்றைக்கே தடி மார்க்கரை எடுத்து ஒன்றின் மேல் 'சர்க்கரை, காலை' என்றும் இன்னொன்றின் மேல் 'பிரஷர், மத்தியானம்' என்றும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டாள். எனக்கு உடம்பே கூசியது. பரிசு வாங்கிய டப்பா அது. குழந்தை முகத்தில் மீசை வரைந்த மாதிரி இருந்தது. "இதை யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றேன். "எனக்கு நோய் இருக்குன்னு நினைப்பாங்க" என்றாள்.

ஒரு விடுமுறை நாளில் மாஸ்டரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது அந்த ஒரு முறைதான். சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஜன்னல் திட்டில் இரண்டு டப்பாவும் பளிச்சென்று இருந்தன. கண்ணைப் பாதி மூடிப் பார்த்துவிட்டு, "பாரு தங்கச்சி, இது ரெண்டும் இருக்கறதாலேயே உன் கிச்சனுக்கு ஒரு களை வந்துடுச்சு" என்றார். என் மனைவி என்னைத்தான் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். விருந்தாளிக்குப் பரிமாறியதில் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அவர் போன பிறகு மத்தியான மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அசதியாக இருக்கிறது என்று படுத்தாள். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எழுப்பப் போனேன்.

நீல டப்பாவுக்குள் சர்க்கரை மாத்திரை இருந்தது, மேடம். காலையில் ஒரு தடவை போட்டதை வெறும் வயிற்றில் மறுபடியும் போட்டிருக்கிறாள், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

மாஸ்டர் துக்கத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த அவள் போட்டோவைப் பார்த்தார், கண் பாதி மூடியது. எழுந்து போய் அதை ஒரு விரல் அளவு இடது பக்கம் நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நிமிடத்தில் அவர் மேல் எனக்கு வந்தது வெறுப்பு. அதற்கு வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை. ஆனால் வெறுப்பு மட்டும் இருந்திருந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்திருப்பேன்.

பிறகு ஒரு நாள் ஸ்டூடியோவில் அவரிடம் சொன்னேன், அவள் செத்தது அந்த டப்பாக்களால் என்று. கையிலிருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், "மனசு கஷ்டமா இருக்கு, கண்ணாடி. ஆனா படிச்சுப் பார்க்காம எடுத்தா டப்பா என்ன பண்ணும்?" என்றார்.

அவள் டீச்சர், மேடம். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை, கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுது என்று சொன்னவள். அவளைப் பார்த்துப் படிக்கவில்லை என்கிறார். அன்றைக்கு முடிவு செய்தேன். கோபமாகச் செய்யவில்லை. அச்சுக்குப் போகும் தாளில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, எல்லாம் சரிபார்த்து முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகும் அவரோடு இருந்தேன். ஆயுள் சாதனைக்காகப் பெரிய விருது கொடுத்தார்கள். அரங்கமே வெள்ளை. திரையில் அந்த இரண்டு டப்பாவும் ஆள் உயரத்துக்கு நின்றன. அவர் டாக்டரம்மா கதையைச் சொன்னார், டப்பா கத்தக் கூடாது என்றார். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நான் முன் வரிசையில் இருந்தேன், முதலில் எழுந்தவன் நான். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். திரையில் இருந்த பச்சை கொஞ்சம் மஞ்சளடித்தது, அதையும் கவனித்தேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். அவருக்கும் வயதாயிற்று. கை நடுங்கியது, வேலையை விட்டார், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஜோடியாக வந்து சேர்ந்தன. அவர் பெற்ற பிள்ளைகள் மாதிரி, அந்த இரண்டு டப்பாவும் மருந்துக் கடையிலிருந்து அவர் தலைமாட்டுக்கே வந்தன. மகள்தான் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண், கைக்குழந்தையிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். நான் தினமும் போவேன். அவளுக்கு வேலை அதிகம், தூக்கம் குறைவு. மாறிவிடக் கூடாது என்று பச்சை டப்பாவில் ஒரு பெரிய சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தாள்.

மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. அவள் வெளியே போயிருந்தபோது என்னிடம், "கண்ணாடி, அந்த அசிங்கத்தைக் கொஞ்சம் எடுத்துடேன். கண்ணைக் குத்துது" என்றார்.

எடுத்தேன். ஈரத்துணி வைத்து, பிசின் தெரியாமல் சுத்தமாக எடுத்தேன். அவர் சொல்லித்தான் எடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே அட்டைகளை டப்பா மாற்றி வைத்தேன். யோசிக்கவே தேவைப்படவில்லை, கைக்குப் பழகிய வேலை மாதிரி இருந்தது. மகள் வந்து, "மாமா, ஸ்டிக்கர் எங்க?" என்று கேட்டாள். "அப்பா எடுக்கச் சொன்னாரும்மா. நான் பார்த்து வச்சிருக்கேன்" என்றேன். அவளுக்கு என் மேல் நம்பிக்கை. மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் நீல டப்பாவைத் திறந்து, வழக்கம்போல் இரண்டு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அரைக்கண்ணால் டப்பாவைப் பார்த்தார். "இப்பதான் அழகா இருக்கு" என்றார். விழுங்கினார்.

கொஞ்ச நேரத்தில் வேர்த்தது, நாக்குக் குழறியது. மகள் குளிக்கப் போயிருந்தாள். "தூங்குங்க மாஸ்டர், சரியாயிடும்" என்றேன். என் கையைப் பிடித்திருந்தார், அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். மகளிடம், அப்பா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். என் மனைவி போனதிலிருந்து சோற்றில் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

டப்பா இனி தலை தூக்காது என்று நினைத்தேன். செய்தவனையே கொன்ற டிசைன் என்று ஊர் பேசும், விருதுகளைத் திருப்பிக் கேட்பார்கள், கடைகளில் பெரிய எழுத்து திரும்பி வரும், அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போய்ப் பேட்டி எடுப்பார்கள். என்ன நடந்தது பாருங்கள். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு அஞ்சலியாக முதல் பக்கம் முழுவதையும் வெள்ளையாக விட்டு, நடுவில் ஒரு வட்டம் போட்டார்கள். அந்தப் பக்கத்தின் வெள்ளை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பார்த்துக் கொடுத்தேன். டப்பாவைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் மகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவளும் அப்படித்தான் பேசுகிறாள். யாரிடமும் முகம் கொடுப்பதில்லை. போன வாரம் போனபோது இருட்டறையில் உட்கார்ந்து, "மாமா, என் கையாலதானே குடுத்தேன். ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கலாமே" என்றாள். "யாரும் பார்க்க மாட்டாங்கம்மா. டப்பா அப்படி" என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இங்கே வந்தது அவளுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பழி அவள் மேல் விழுகிறதே என்பதற்காக வரவில்லை. பழி டப்பாவின் மேல் விழவில்லையே என்றுதான் வந்தேன்.

அவ்வளவுதான். எழுதிவிட்டீர்கள் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

அது எதற்கு இப்போது? என் மனைவி மார்க்கரில் எழுதி வைத்திருந்தாளே, பிறகு எப்படி மாறியது என்றா கேட்கிறீர்கள்? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாஸ்டர் சாப்பிட வருகிறார், மேடம். அந்தக் கிறுக்கல் அவர் கண்ணில் படலாமா? ஸ்டூடியோ அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த புது டப்பா இரண்டைக் கொண்டுவந்தேன். எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்டைகளைப் புதியதில் மாற்றி ஜன்னல் திட்டில் வைத்தேன். அடுப்படியில் மஞ்சள் பல்பு. இரண்டு கோடும் ஒரே மாதிரி இருந்தன. அவள் கரண்டியும் கையுமாக வந்து, "எது எதுன்னு பார்த்துத்தானே வச்சீங்க?" என்று கேட்டாள். பார்த்துத்தான் வைத்தேன் என்றேன். பொய் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடி, அழகாக இருக்கிறதா என்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், டப்பாதான் காரணம் என்று எழுதுங்கள். ஏன் மேடம், பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?